பொருநைக்கரை எழுத்துகள் – 27: பட்டியலில் இல்லாத போன்

ஈய எழுத்துகளும் மரக் கேஸ்களும் எடைக்குப் போய், அச்சகத்து மூலையில் டிடிபி கணினி வந்து உட்கார்ந்த காலத்தோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. இந்த வாரம் எழுத்து அதைவிடச் சின்ன இடத்துக்குக் குடிபோகிறது: சட்டைப்பைக்கு.

2010, 2011 வாக்கில் நெல்லை வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ ஒருவர் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கி, ஆசையோடு ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர் கண்டது வரிசை வரிசையாகக் கட்டங்கள். செங்கல் அடுக்கியதுபோல வெற்றுக் கட்டங்கள், நடுநடுவே ஆங்கில எண்கள். சில நிறுவனங்கள் தாங்களாகவே தமிழ் எழுத்துருவைச் சேர்த்து விற்றது உண்மை. ஆனால் கூகுள் வெளியிட்ட ஆண்ட்ராய்டில், 2.3 பதிப்பு வரைக்கும், தமிழுக்கு இடமில்லை.

போனின் உள்ளே கை வைக்க முடிந்தால், கட்டங்களைப் போக்குவது அவ்வளவு கடினமில்லை. போனுக்குள் எழுத்துருக்கள் கிடக்கும் கோப்புறையில், வேறெதிலும் கிடைக்காத எழுத்தைத் தேடிக் கடைசியாகப் போகும் கோப்பு ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டுத் தமிழ் வடிவங்களும் சேர்ந்த ஒன்றை அதே பெயரில் வைத்தால் போதும். கட்டங்கள் மறையும். எழுத்து வரும். வந்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த சிக்கல் புரியும்.

"நெல்லை" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நாம் தாளில் எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ந. கணினி அதை அப்படிச் சேமிப்பதில்லை. ஒருங்குறியில் ஒலிக்கும் வரிசைதான் கணக்கு: முதலில் ந, அதன்பின் எகரக் குறி, பிறகு ல, புள்ளி, இன்னொரு ல, ஐகாரக் குறி. அதைத் திரையில் காட்டும்போது யாராவது கொம்பைத் தூக்கி ந-வுக்கு முன்னால் வைக்க வேண்டும். ஐகாரக் கொம்பையும் ல-வுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த 'யாராவது' அன்றைய போனுக்குள் இல்லை. ஆகவே ந நின்றது, அதன் முதுகுக்குப் பின்னால் கொம்பு நின்றது, கடைசி ல-வைத் தாண்டி ஐகாரம் தனியே கிடந்தது. "பொருநை" என்ற சொல் இன்னும் மோசம். ஒகரத்தின் கொம்பும் காலும் ப-வைச் சுற்றி நிற்காமல் இரண்டுமாகச் சேர்ந்து ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டன.

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருபவர்களுக்கு அந்த ஆளைத் தெரியும். அவர்தான் அச்சுக் கோப்பவர். ஈய எழுத்தின் காலத்தில் கம்போசிட்டர் கை, யோசிக்காமலேயே, கொம்பை முதலில் எடுத்து ஸ்டிக்கில் வைத்துவிட்டுத்தான் ந-வைத் தேடிப்போகும். போனுக்குள் எழுத்துப் பெட்டி இருந்தது, கோப்பவர் இல்லை.

பொறுமைசாலிகள் அடுத்த பதிப்பு வரட்டும் என்று காத்திருந்தார்கள். கெட்டிக்காரர்கள் ஓப்பரா மினியை நிறுவினார்கள். அதன் முகவரிப் பட்டையில் 'ஓப்பரா:கான்ஃபிக்' என்று அடித்தால் அமைப்புப் பக்கம் ஒன்று திறக்கும். அதன் அடியில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற பொருளில் ஒரு வரி. அதை 'யெஸ்' ஆக்கிச் சேமித்தால் தமிழ் ஒழுங்காக வரும். காரணம், எழுத்தைக் கோக்கும் வேலை போனில் நடக்கவில்லை. ஓப்பராவின் சர்வரில் நடந்து, படமாக வந்து இறங்கியது. உள்ளூரில் அச்சகம் இல்லாதவர் வெளியூரில் அடித்து வாங்கிக்கொண்ட மாதிரி. அந்த ஒரு வரியை எத்தனை பேர் எத்தனை பேருக்குப் போனில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

மூன்றாவது கூட்டம் போனையே திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தது. எழுத்துரு இருக்கும் கோப்புறையில் வாங்கியவர் கை வைக்க முடியாது, தயாரித்தவர் பூட்டியிருப்பார். அந்தப் பூட்டைத் திறப்பதற்குப் பெயர் 'ரூட்'. உள்ளிருக்கும் மென்பொருள் முழுவதையும் எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதற்குப் பெயர் 'ரோம் மாற்றுவது'. இந்த வழி எங்கிருந்து வந்தது என்று பார்க்க நாம் கொஞ்சம் அமெரிக்கா போய் வர வேண்டும்.

2008 அக்டோபரில் அங்கே விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போன், ஹெச்டிசி செய்த ஜி1. வந்த சில வாரங்களில் அதில் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. விசைப்பலகையில் அடிக்கும் ஒவ்வொரு சொல்லும், திரையில் தெரிவதோடு நில்லாமல், மறைவில் ஓடிக்கொண்டிருந்த முழு அதிகாரமுள்ள ஒரு கட்டளைச் சாளரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. அரட்டைக்கு நடுவே ஒருவர் 'ரீபூட்' என்று அடித்து எண்டரைத் தட்ட, போன் அணைந்து மறுபடி எழுந்து உட்கார்ந்தது. யாரோ மறந்து திறந்துவைத்த கொல்லைக் கதவு அது. கூகுள் விரைந்து சாத்தியது. அதற்குள் உள்ளே நுழைந்தவர்கள், அடுத்த முறை எப்படி நுழைவது என்றும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களின் வழியில் வந்தவர் ஸ்டீவ் கோண்டிக். 2009-இல் அவர் கட்டிய சயனோஜென்மாட், கைபேசிக்கான கட்டற்ற மென்பொருள்களில் உலகமே அறிந்ததாயிற்று. ஆண்ட்ராய்டின் மூலநிரல் பொதுவில் இருப்பது. அதை எடுத்துத் திருத்துவதில் தடையேதும் இல்லை. ஆனால் ஜிமெயில், மேப்ஸ், யூடியூப் போன்ற கூகுளின் சொந்தச் செயலிகள் பொதுச்சொத்து ஆகா. அவற்றையும் கோண்டிக் சேர்த்துக் கொடுத்தார் என்று 2009 செப்டம்பரில் கூகுள் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. ரோம் தனி, கூகுள் செயலிகள் தனி என்று பிரித்து வைத்து அவர் தப்பித்தார். இன்றும் ரோம் மாற்றுகிற பையன்கள் இரண்டு கோப்புகளைத் தனித்தனியாக ஏற்றுவதற்குக் காரணம் அந்தப் பழைய நோட்டீஸ்தான்.

இனி ஊர் திரும்புவோம்.

நம்ம ஊரில் இந்த வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது கரண்ட். 2012-இல் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. கூடங்குளத்தின் முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபரில்தான். சாம்சங் போனில் மென்பொருள் ஏற்றும்போது, அணைத்துவிடாதே என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்டு ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் நிற்கும். போன் அணையாது, அதற்குச் சொந்த பேட்டரி இருக்கிறது. மேசைக் கணினிக்கு அது கிடையாது. பாதி ஏறியிருக்கும்போது மின்விசிறி தளர்ந்து நின்றது என்றால் கதை முடிந்தது. கையில் மிஞ்சுவது விளக்கு எரியாத ஒரு செவ்வகம். உலகம் முழுக்க இதற்கு 'பிரிக்' என்று பெயர், செங்கல். நம்மூர் சர்வீஸ் கடைகளில் 'டெட் செட்'.

"சாஃப்ட்வேர் போயிட்டு அண்ணாச்சி. அடிச்சுப் பாக்கலாம். எந்திரிச்சா உங்க அதிர்ஷ்டம்."

"உள்ள பிள்ளை போட்டோ இருக்கு. அது போயிராதுல்லா?"

கடைக்காரர் அதற்குப் பதில் சொல்லாமல் டாங்கிளைச் செருகுவார். போட்டோ போய்விடும் என்று அதற்கு அர்த்தம்.

இங்கே, யாரும் திட்டமிடாத ஒரு வசதி வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ பிள்ளைகள் கைக்கு, விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏறிய மடிக்கணினி வந்தது. கரண்ட் போனாலும் அணையாத கணினி, ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் அதே லினக்ஸ், பதினேழு வயது. இந்த மூன்றும் ஒரே வீட்டில் கூடினால் அந்த மடிக்கணினி பாடத்துக்கு மட்டும்தான் பயன்பட்டது என்று பெற்றோரே சொல்ல மாட்டார்கள்.

கட்டங்களின் கதை 2011 இறுதியில் முடியத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு 4.0-க்குப் பிறகு தமிழ் எழுத்து படிப்படியாக உள்ளேயே வந்தது. 2014 இறுதியில் வந்த 5.0-இல் மெனுக்களே தமிழில் கிடைத்தன. போனுக்குள் கடைசியில் அமர்ந்த அந்தக் கோப்பவரின் பெயர் ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்த. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபபோத் முன்னின்று வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது. ஆண்ட்ராய்டில் மட்டுமல்ல, ஃபயர்பாக்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் தமிழ்க் கொம்பை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைப்பது இன்று இதுதான். பாளையங்கோட்டை கம்போசிட்டரின் வேலையைப் பாரசீகப் பெயர் கொண்ட ஒன்று செய்கிறது, கூலி கேட்பதில்லை.

தமிழ் வந்துவிட்டதே, பிறகு எதற்கு ரோம் மாற்ற வேண்டும்? அன்றைக்கு வாங்கி இரண்டு ஆண்டு ஆனதும் போன் அப்டேட் பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்பதால். தயாரித்தவர் 'இனி அப்டேட் கிடையாது' என்பார். போனில் கோளாறு இருக்காது. உள்ளிருக்கும் சிப்பைச் செய்த நிறுவனம் அதற்கான இயக்கிகளைப் புதிய பதிப்புக்கு மாற்றித் தருவதை நிறுத்தியிருக்கும். போன் விற்றவருக்கும் புது மாடலை விற்பதில்தான் லாபம். ஒன்பதாயிரம், பத்தாயிரம் கொடுத்து வாங்கிய வீட்டில் அந்தப் போன் அப்பாவிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து ஆச்சிக்கும் கைமாறும். நிறுவனத்தின் ஆயுட்கணக்கு வேறு, நம் வீட்டின் ஆயுட்கணக்கு வேறு.

இந்த இடைவெளியில் வணிகமும் நுழைந்து பார்த்தது. 2014 டிசம்பரில் மைக்ரோமேக்ஸ் தன் 'யூ' பிராண்டில் யுரேகா என்ற போனை 8,999 ரூபாய்க்கு அறிவித்தது. அதில் ஏற்கெனவே சயனோஜென் ஏறியிருந்தது. திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டிருந்த மென்பொருள் அட்டைப்பெட்டியிலேயே அச்சாகி வந்ததைப் பையன்கள் நம்பாமல் பார்த்தார்கள். இந்தியாவில் சயனோஜென் ஏற்றி விற்கும் உரிமை எங்களுக்கு மட்டுமே என்று மைக்ரோமேக்ஸ், அதையே ஏற்றி விற்ற ஒன்பிளஸ் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டது. தடை உத்தரவும், மேல்முறையீட்டில் அதற்கு நிறுத்திவைப்பும் அதே டிசம்பரில் அடுத்தடுத்து வந்தன. பொதுவில் பிறந்த ஒன்றுக்குத் தனியுரிமைச் சண்டை. இரண்டே ஆண்டில், 2016 டிசம்பரில், சயனோஜென் நிறுவனம் கடையைச் சாத்தியது. நிரல் பொதுவில் கிடந்ததால் தன்னார்வலர்கள் அதை எடுத்துக்கொண்டு லினியேஜ் ஓஎஸ் என்று பெயர் வைத்தார்கள். லினியேஜ் என்றால் வம்சாவளி.

இதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் வெளியிட்ட கிளவுட் எஃப்எக்ஸ், 1,999 ரூபாய். உள்ளே மோசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ். இந்தியோடு தமிழும் இருந்தது. நினைவகம் வெறும் 128 எம்பி. போன் மெதுவாக ஓடியது. திட்டம் வேகமாக நின்றது. 2015 டிசம்பரில் மோசில்லா கைவிட்டது. அதன் நிரலிலிருந்து கிளைத்த கைஓஎஸ்தான் 2017-இல் ஜியோ போனுக்குள் இருந்தது.

நான் ரோம் மாற்றிய போன் ஒரு ரெட்மி நோட் 4. 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த மாடல். தொடக்க விலை 9,999. ஊரில் பேருந்தில் திரும்பிய பக்கமெல்லாம் தெரிந்த போன். ரோம் ஏற்றுபவர்கள் யாரும் அதை ரெட்மி என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது 'மிடோ'. தயாரிப்பாளர் உள்ளுக்குள் வைத்த குறிப்பெயர். நிறுவனம் அதை ஆண்ட்ராய்டு 7-உடன் நிறுத்திவிட்டது.

முதலில் அமைப்புகளுக்குள் போய் பில்டு நம்பரை ஏழு தடவை தட்ட வேண்டும். ஏழாவது தட்டில் 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்று போன் பட்டம் கொடுக்கும். கல்லூரிகள் இவ்வளவு சுலபமாகக் கொடுப்பதில்லை. பிறகு பூட்லோடரைத் திறக்க நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். பூட்லோடர் என்பது போன் விழிக்கும்போது முதலில் எழும் சிறு நிரல். வாசலில் நின்று, தயாரிப்பாளரின் முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடாத காவல்காரன். கேட்ட உடனே அனுமதி கிடைக்காது. காத்திரு என்பார்கள். மூன்று நாள், ஏழு நாள், சிலருக்குப் பதினைந்து நாள் என்று அந்தக் கெடு மாறிக்கொண்டே வந்தது.

கெடு முடிந்ததும் வால்யூம் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஒரு படம் வரும். காதுமடல் வைத்த கம்பளித் தொப்பி போட்ட முயல் ஒன்று உட்கார்ந்து, பச்சை ஆண்ட்ராய்டு பொம்மையைக் கழற்றி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கும். கேபிளைச் செருகி, கணினியிலிருந்து கட்டளை கொடுத்து, டிடபிள்யூஆர்பி என்ற மீட்புப் பகுதியை ஏற்ற வேண்டும். அதன் வழியே பழையதை முழுவதும் துடைக்க வேண்டும். துடைத்த அந்த நிமிடத்தில் போனுக்குள் எதுவும் கிடையாது. பேட்டரி, கண்ணாடி, வெறும் இரும்பு. அந்த ஒரு நிமிடம் வயிற்றில் புளி கரைக்கும். பிறகு ரோம், அதன்பின் கூகுள் செயலிகள். மறுதொடக்கம். வளைந்த கோட்டில் வட்டம் ஓடும் லினியேஜ் சின்னம் வரும். முதல் தடவை எழ அது ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொள்ளும். அதற்குள் மூன்று தடவை செங்கல் என்று முடிவு கட்டியிருப்போம்.

எழுந்துவிட்டால் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் கருவின் மூலநிரலை வெளியிட்டே ஆக வேண்டும் என்பது அதன் ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. மலிவு போன் விற்ற பலர் அதைக்கூடச் செய்யவில்லை. கேமரா, சிம் சமிக்ஞை, கைரேகை போன்றவற்றை இயக்கும் கோப்புகளோ பூட்டியே வரும். பழைய மென்பொருளிலிருந்து பிடுங்கி எடுத்துப் புதியதில் ஒட்டவைக்க வேண்டும். ஒட்டாவிட்டால் கேமராவைத் தொட்டதும் செயலி மூடிக்கொள்ளும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போனது. அப்போது அவர்களிடம் இருந்தது 4ஜி மட்டும்தான். பேசுவதற்கு வோல்ட்டி வேண்டும். ரோமில் அந்தப் பகுதி ஒட்டவில்லை என்றால், படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், ஹலோ சொல்ல முடியாது. கவனக்குறைவாகத் துடைத்தவர்களுக்கு ஐஎம்இஐ எண்ணே அழிந்து போனது. இப்போது காவல்காரன் வேறு ரூபத்தில் வந்திருக்கிறான். பூட்லோடர் திறந்த போனைப் பல வங்கிச் செயலிகள் ஏற்பதில்லை. டீக்கடையில் பத்து ரூபாய்க்கு க்யூஆர் ஸ்கேன் செய்ய நீட்டினால், இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல என்று மறுத்துவிடும். பழைய, ஓட்டை அடைக்கப்படாத மென்பொருளோடு இருந்தவரை அதே போனை அதே செயலி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. லினியேஜும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே ஒரு பராமரிப்பாளரின் பெயர் இருக்கும். பெரும்பாலும் அந்தப் போனை வைத்திருக்கும் யாரோ ஒருவர். மாணவராக இருக்கலாம், வேலை முடிந்து வந்து இரவில் உட்காருபவராக இருக்கலாம். பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் அவர் அதைத் தன் மாடலுக்குப் பொருத்திச் சரிபார்க்க வேண்டும். அவருக்கு வேலை மாறலாம், கல்யாணம் ஆகலாம், அந்தப் போனே கீழே விழுந்து உடையலாம். அவர் விலகி வேறொருவர் வராவிட்டால் அந்த மாடல் அங்கேயும் பட்டியலிலிருந்து விழும். ஆதரவு என்று நாம் சொல்வது, எழுதிக் கொடுத்த வாக்குறுதியாக இருந்தாலும் சரி, ஆசையாக இருந்தாலும் சரி, கடைசியில் ஒரு மனிதர் அமர்ந்து செய்கிற வேலைதான்.

இந்தத் தொடரின் தொடக்கத்தில், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் நின்றோம், நினைவிருக்கும். ஐரோப்பாவில் லத்தீன் எழுத்துக்காகச் செய்த அச்சுப்பொறி. தமிழ் அதன் பட்டியலில் இல்லை. கோவாவிலும் கொல்லத்திலும் தமிழ் எழுத்தை வார்த்து, 1578-இல் தம்பிரான் வணக்கத்தை அடித்த பிறகு, 1586-இல் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் புன்னைக்காயலில் அடியார் வரலாற்றை அச்சிட்டார். அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். பொறி, எழுத்து, மொழி எல்லாம் கைகூடியிருந்தன. 1600-இல் ஹென்ரிக்கஸ் காலமானார். புன்னைக்காயலில் அந்த வேலையைத் தொடர ஆளில்லை. தமிழகக் கரையில் அடுத்த பெரிய அச்சுக்கூடம் எழ, 1712-இல் தரங்கம்பாடிக்குப் பொறி வந்து இறங்கும்வரை நூறாண்டுக்கும் மேல் போயிற்று.

என் மிடோ இப்போது வீட்டில் மின்னூல் படிக்க மட்டும் இருக்கிறது. சிம் இல்லை, வங்கி இல்லை. பேட்டரி கொஞ்சம் உப்பியிருக்கிறது. இதை எழுதுமுன் அதை எடுத்து 'நெல்லை' என்று அடித்துப் பார்த்தேன். ந-வைத் தட்டியதும் அது தனியே நின்றது. எகரத்தைத் தட்டியதும் ந அரை எழுத்து அகலம் வலப்பக்கம் நகர்ந்து, கொம்புக்கு இடம் விட்டது.

(அடுத்த இதழில்: அந்த எகரத்தைத் தட்ட விசை எங்கிருந்து வந்தது? 1999-இல் சென்னையில் கூடிய மாநாடும், தமிழ்99 விசைப்பலகையும்.)